புத்தகத்தில் உள்ளபடியே

படத்தைவிடப் புத்தகம்தான் நன்றாக இருக்கும் என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் ஐயா. மாஜிஸ்திரேட்டாக இருப்பவர் நாலு புத்தகமாவது படித்திருப்பீர்கள். இதில் நமக்குள் தகராறு வராது என்ற தைரியத்தில்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். நீங்கள் உங்கள் கையாலேயே எழுதுகிறீர்கள், அதனால் பையச் சொல்கிறேன். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுதல் நடத்திய வாய் இது. கை வலிக்காமல் சொல்லத் தெரியும்.

பெயர் தேவசிகாமணி. வயது அறுபத்தாறு. ஊர் பாளையங்கோட்டை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காவல் நிலையத்தில் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார்கள், நன்றாகவே இருந்தது.

நான் பேச வந்தது 'பதினோராம் படி' என்ற நாவலைப் பற்றி. அதை எழுதிய ஆவுடைநாயகம் அண்ணாச்சியைப் பற்றியும்தான், ஆனால் முதலில் நாவல். அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய படித்துறை. ஒருநாள் விடியலில் அங்கே குளிக்கப் போன மில் முதலாளி திரும்பவில்லை. வக்கீல் குமாஸ்தா சங்குமுத்து துப்பறிய வருகிறார். அவருக்குத் துப்பாக்கி கிடையாது, தொப்பி கிடையாது. ஒரு குடை, ஒரு பொடிமட்டை, அவ்வளவுதான். அறுபத்தொன்றில் வந்த கதை. அதற்குப் பிறகு தமிழில் வந்த துப்பறியும் கதையெல்லாம் அதன் எச்சில் என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. அவர்களை எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். நீக்கிவிட்டோம் என்றால் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று அர்த்தம். நீங்கள் வேறு மாதிரி எழுதிவிட வேண்டாம்.

கொன்றவன் கம்பவுண்டர் பொன்னையா. இதைச் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்பார்கள். நல்ல நாவலுக்கு அப்படியெல்லாம் போகாது. மருந்துப் புட்டியும் கையுமாகக் கதை முழுக்க வந்து போகிற ஆள்தான் கொலைகாரன் என்று கடைசியில் தெரியும்போது உடம்பு சிலிர்க்கும். இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

அதை மூன்று தடவை படமாக எடுத்தார்கள். மூன்றையும் பார்த்தேன். பார்க்காமல் திட்டுவது நியாயமில்லையே. முதல் படம் கறுப்பு வெள்ளை. சங்குமுத்துவுக்கு ஒரு பெண்டாட்டியைக் கட்டிவைத்து, அவள் கையில் ஒரு வீணையைக் கொடுத்து, எட்டுப் பாட்டு வைத்தார்கள். பிணம் ஆற்றில் கிடக்கிறது, இவர் தோட்டத்தில் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் முடிவில் கைவைக்கவில்லை, கம்பவுண்டர்தான் கொலைகாரன். அந்தப் புண்ணியம் அவர்களுக்கு. இரண்டாவது படம் கலர். அதில் செத்தவர் சாகவே இல்லை, செத்தது அவருடைய இரட்டைத் தம்பி. சங்குமுத்து குடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பதினாலு பேரை அடிக்கிறார். மூன்றாவதில் சங்குமுத்துவே இல்லை. கூலிங்கிளாஸ் போட்ட போலீஸ்காரர் ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்குகிறார், நடக்கிறார், மறுபடி ஜீப்பில் ஏறுகிறார். தாமிரபரணி என்று எழுத்தில் போட்டுவிட்டு ஏதோ கேரளத்து ஆற்றைக் காட்டினார்கள். ஓடத்தில் தேங்காய் போகிறது. அம்பாசமுத்திரத்தில் எந்தக் காலத்தில் ஓடத்தில் தேங்காய் போயிற்று? தியேட்டரில் எழுந்து நின்று அதைக் கேட்டேன். "ஏ பெரியவரே, உக்காரும்வே" என்றார்கள். என் மனைவி சாலோமி வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். "அந்தப் பொஸ்தகத்தையே கெட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு.

அண்ணாச்சிக்கும் அப்படித்தான். பின்னால் வந்த இரண்டு படங்களின்போதும் நான் அம்பாசமுத்திரத்துக்கு ஓடினேன், அவர் "எடுத்துட்டுப் போறான், விடும்வே" என்பார். பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்த மனிதர். வாழ்நாளில் எழுதியது அந்த ஒரே நாவல். அதன் அருமை அவருக்குத் தெரியாது. எழுதுகிறவர்களுக்குத் தெரியாது ஐயா, வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும். முப்பது வருஷமாக மாதம் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்த் தங்கி வந்தேன். விடியலில் அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போவார், நானும் கூடப் போவேன். இரண்டு வருஷமாக அவருக்குக் கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. மருமகள் உலகம்மாள் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். "சார் வந்து கையப் பிடிச்சிக்கிட்டாத்தான் ஆறு. மத்த நாளெல்லாம் வீட்டுல வெந்நி." அதனால் நான் போகும் நாளுக்காக அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆவணியில் ஸ்ரீராகவ் என்று ஒரு இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். நாவலை எட்டுப் பாகத் தொடராக எடுக்கப் போகிறாராம், செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். "சார், இந்தத் தடவை புக்குக்கு நூறு பர்சென்ட் உண்மையா இருக்கப் போறோம்" என்றார். நான் அழுதுவிட்டேன். சாலோமி பார்த்தாள், கேட்டுக்கொள்ளுங்கள். குடை எவ்வளவு நீளம், பொடிமட்டைக்கு எந்தச் சருகு, சங்குமுத்து எந்தக் காலை முதலில் வைத்து நடப்பார் என்று நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

புரட்டாசியில் போன் பண்ணினார். எட்டாம் பாகத்தின் முடிவில் அண்ணாச்சியையே படித்துறையில் உட்கார்த்திவைத்து எடுக்கப் போகிறார்களாம். "கொலைகாரன் யாருன்னு ரைட்டரே கேமராவைப் பார்த்துச் சொல்றார் சார். வாத்தியார்தான்னு." எந்த வாத்தியார் என்று கேட்டேன். சடகோப வாத்தியாராம். நாவலில் சடகோப வாத்தியார் மில் முதலாளியின் பால்ய சிநேகிதர். தினமும் வந்து அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். சொக்கத்தங்கம். அவர் கொலைகாரனாம். வாத்தியார்களைக் கோமாளியாக்கிப் படம் எடுத்தது போதாதென்று கொலைகாரனாகவும் ஆக்க வந்துவிட்டார்கள்.

ஸ்ரீராகவ்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தொழில் அது. இயக்குநர் எதை மாற்றினாலும் புத்தகம் புத்தகமாக இருக்கும், மூன்று படத்திலும் அதுதானே நடந்தது. ஆனால் எழுதினவரே காமிராவைப் பார்த்து வாத்தியார்தான் என்று சொல்லிவிட்டால் அது படத்தின் முடிவு இல்லை, நாவலின் முடிவு. அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்தில் போய் எதைப் பேசுவது? என் ஐம்பது வருஷம் என்ன ஆவது? படப்பிடிப்பு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சிக்குப் பிடித்த மிக்சர் கால் கிலோ வாங்கிக்கொண்டு வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன். பேசிச் சரிபண்ணத்தான் போனேன் ஐயா. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"அண்ணாச்சி, முடிவ மாத்தலாமா? நீங்களே மாத்தலாமா?" என்று கேட்டேன்.

"எந்த முடிவவே?"

"கொன்னது கம்பவுண்டர்லா?"

அவர் மிக்சரில் கடலையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கம்பவுண்டரா? அவன் பாவம்லா. சினிமாக்காரன்தாம்வே அவனக் கொலகாரனாக்கினான். வாத்தியார் வேசம் கெட்டுன நடிகர், கொலகாரனா நடிச்சா ஜனங்க செருப்பக் கழட்டும்னு பயந்துட்டாரு. எம்பொஸ்தகத்துல மொதல்ல இருந்தே வாத்தியார்தான். நீரு எத்தன வருசமாப் படிக்கீரு, இது தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அண்ணாச்சிக்கு மறதி நோய் வந்துவிட்டது. எண்பத்தெட்டு வயது, வராமல் என்ன செய்யும். எங்கள் தெருவில் ஜெய்சன் என்று ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தார். பெற்ற மகளைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். அதே நோய்தான். உலகம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, மாமாவுக்கு ஞாபகமெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "அவுகளுக்கு என்ன சார், சிலிண்டர் மாத்துன தேதிய நான் அவுகட்டதான் கேக்கேன்" என்றாள். கூடவே இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

மூளை கலங்கிய ஒரு மனிதரைக் காமிராவுக்கு முன்னால் உட்கார்த்தி, தன் சொந்த நாவலையே தப்பாகச் சொல்லவைத்து, உலகமே பார்த்துச் சிரிக்க விடுவதா? அவருடைய பெயரைக் காப்பாற்றுகிற கடமை யாருக்கு இருக்கிறது? மகன் துபாயில். மருமகள் நாவலைப் படித்ததே இல்லை. மிச்சம் நான்தான்.

மறுநாள் புரட்டாசிச் சனி. உலகம்மாள் விடிவதற்குள் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டாள். வழக்கமான படித்துறையில் கூட்டமாக இருக்கும், நாவலில் வருகிற பழைய படித்துறைக்குப் போவோமா என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அங்கன போயி எத்தன நாளாச்சு, வாரும் வாரும்" என்றார். மலையில் மழை, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு கலங்கலாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "திங்கக்கெழம நீரும் எம்பக்கத்துல வந்து உக்காரும்வே. எம்பொஸ்தகத்த ஒம்மள மாதிரிப் படிச்சவன் ஒருத்தன் கெடையாது, அந்தப் பையன்ட்ட சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனசு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்குவது அவர் பழக்கம். பதினொன்று என்றார். நான் கையை விட்டேன். தள்ளவில்லை ஐயா. தள்ளினேன் என்று காவல் நிலையத்தில் எழுதியிருக்கிறார்கள், அதைத் திருத்த வேண்டும். விட்டேன். அவர் சரிந்து தண்ணீரில் விழுந்தும், ஒரு கையால் படியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் அப்படி ஒரு பிடியை நான் எதிர்பார்க்கவில்லை. "வாத்தியாரே, கையக் குடும்" என்றார். குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மூட்டுவலிக்காரர், அதனால் பையத்தான் எடுத்தேன். நாலு விரல் எடுக்க வேண்டியிருந்தது. ஐந்தாவதுக்கு வேலை இல்லை.

அவருடைய துண்டு படியில் விழுந்து கிடந்தது. அதை நாலாக மடித்துப் பதினோராம் படியில் வைத்தேன், புத்தகத்தில் உள்ளபடியே. அவருக்கு நான் செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நாவலின் முதல் அத்தியாயம் மாதிரியே போய்ச்சேருகிற பாக்கியம் எத்தனை எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து பாயில் படுத்துக்கொண்டேன். உலகம்மாள் பிரசாதத்தோடு வந்து, "மாமா எங்க சார்?" என்றாள். "அசந்துட்டேம்மா. எழுப்பாம அவுகளே போயிட்டாக போலிருக்கு" என்றேன். பிரசாதத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே, கட்டிய வேட்டியோடு நாணலில் மாட்டிக் கிடந்தார். இரங்கல் கூட்டத்தில் நான் நாற்பது நிமிஷம் பேசினேன். கம்பவுண்டர் பொன்னையா என்ற மகத்தான பாத்திரத்தைப் படைத்தவர் என்று சொன்னபோது ஸ்ரீராகவ் ஒரு மாதிரியாகப் பார்த்தார். துக்கத்தில் ஒவ்வொருவர் முகம் ஒவ்வொரு மாதிரி ஆகும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலையில் சப் இன்ஸ்பெக்டர் ஜெசி வீட்டுக்கு வந்தாள். என் மாணவி. கட்டுரையில் கெட்டிக்காரி. "ஒரு சந்தேகம் சார், ஒங்கள்ட்ட கேட்டாத்தான் சரியா இருக்கும்" என்று தரையில் உட்காரப் போனாள், நான்தான் நாற்காலியைப் போட்டேன்.

"ஆவுடைநாயகம் தாத்தா எம்பது வருசம் ஆத்துல குளிச்சவுக. குளிக்கப் போறவுக துண்டக் கெட்டிக்கிட்டு வேட்டிய அவுத்துப் படியில வைப்பாகளா, இல்ல துண்ட மடிச்சு வச்சிட்டு வேட்டியோட எறங்குவாகளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை ஐயா. நான் பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீரில் குளிக்கிறவன். முப்பது வருஷம் அவரோடு போயும் அதைக் கவனித்ததில்லை. நான் ஆற்றைப் பார்க்கவா போனேன், நாவலைப் பார்க்கப் போனேன். அதனால் தெரிந்ததைச் சொன்னேன். "புத்தகத்துல துண்டுதானேம்மா படியில இருக்கும்."

"இல்ல சார். புத்தகத்துல வேட்டி. துண்டு மொதப் படத்துல. முதலாளியா நடிச்சவரு வெறுந்துண்டோட காமிரா முன்னால நிக்கமாட்டேன்னுட்டாராம். தாத்தா முன்னுரையிலயே எழுதியிருக்காகல்லா."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் பக்கம் மாறாமல் வந்த மறுபதிப்பு. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு என்று என் கையெழுத்து இருந்தது. அந்தப் பதிப்பில் இருபது பிரதி வாங்கி நான்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கொடுத்தால் வாசித்துவிடுகிறார்கள், அதுதான் தொந்தரவு. "ஒங்க பிரதி எங்க சார்?" என்றாள். சாலோமி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "பீரோல இருக்கும்மா. அந்தக் கண்ணாடித்தாளப் பிரிக்கவே விடமாட்டாக, அழுக்காயிருமாம்." ஜெசி அதை எடுத்துப் பார்த்தாள். பிரிக்கவில்லைதான். மனப்பாடமாகத் தெரிந்த புத்தகத்தை எதற்குப் பிரிக்க வேண்டும்?

பிறகு அவள் தன் பிரதியின் கடைசி எட்டுப் பக்கங்களைச் சத்தமாக வாசித்தாள். அழுத்தம் திருத்தமான வாசிப்பு, நான் சொல்லிக்கொடுத்தது. சடகோப வாத்தியார் கையை விடுகிறார். முதலாளி கல்லைப் பிடித்துக்கொள்கிறார். சாலோமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க இத எப்பம் படிச்சீங்க சார்?" என்று ஜெசி கேட்டாள். உண்மையைச் சொன்னேன். எழுபத்திரண்டில், எனக்குப் பதின்மூன்று வயதில், தெருமுனை வாடகை நூல்நிலையத்தில் எடுத்தேன். வாடகைப் புத்தகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசிப் பக்கங்களை எவனாவது கிழித்து வைத்திருப்பான். நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தோடு நின்றது. அதே வாரம் மார்க்கெட் பக்கத்துக் கொட்டகையில் முதல் படத்தை மறுபடி போட்டார்கள். பார்த்தேன், முடிவு தெரிந்துவிட்டது. எட்டே எட்டுப் பக்கம் ஐயா. அதற்காக நான் நாவலைப் படிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

ஜெசி நோட்டைத் திறந்து, "அப்பம், படத்தப் பாத்துச் செஞ்சதுன்னு எழுதிக்கிடுதேன் சார்" என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்த விவகாரம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் வந்தது, அது அப்போதுதான். சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போகிறவன் என்று என்னைக் குற்றப்பத்திரிகையில் எழுதுவதா? மூன்று படத்தையும் எதிர்த்துக் குரல் கொடுத்த ஒரே மனிதன் நான். "நான் புத்தகத்தைப் படித்தவன்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அதைத்தான் உங்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆவுடைநாயகம் அண்ணாச்சியை நான் கொன்றேன். துண்டு விஷயத்தில் ஒரு சின்னப் பிசகு, மற்றபடி எல்லாம் முறைப்படி.

நேற்று என்னை இங்கே கொண்டுவந்தபோது, நன்றாக யோசித்துவிட்டு வாக்குமூலம் கொடு என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்கள். சட்டம் அப்படி. அதற்கு முன்னால் ஜெசி தன் பிரதியை என் கையில் வைத்து, "ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிருங்க சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது, பாவம். அந்த ஒரு நாளும் கிளைச் சிறையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். என்ன நடை, என்ன நகைச்சுவை. "கொன்றவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்று சங்குமுத்து குடையை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கிறார், நூற்று அறுபத்தெட்டாம் பக்கம் முடிகிறது. அதற்கு மேலே இருந்த எட்டுப் பக்கங்களையும் தையல் பிரியாமல் கிழித்து எடுத்துவிட்டேன். அண்ணாச்சி எழுதியதை இனி ஒருத்தரும் மாற்ற முடியாது.